குருவிக்கு இட்ட அரிசி

மகாகவி பாரதியாரின் வரலாறு தமிழ் படித்த எவருக்கும் புதியதன்று. எட்டயபுரத்தில் பிறந்தார், காசியில் கல்வி பெற்றார், புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தார், திருவல்லிக்கேணியிலே கோயில் யானையால் தாக்குண்டார், 39 வயது நிறையுமுன்னரே மறைந்தார். ஆண்டுதோறும் பாரதி விழா மேடைகளில் இவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டுவிடுகின்றன. பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்த நானும் அவ்வாறு பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் அவ்வரலாற்றில் இரண்டு இழைகள் என் மனத்தை விட்டு அகலாதவை. ஒன்று, அவர் எழுதியவற்றை அரசாங்கம் மீண்டும் மீண்டும் தடுத்தும் பறித்தும் வந்த கதை. மற்றொன்று, குருவி, காகம், கழுதை, யானை முதலிய வாயில்லா உயிர்கள்மீது அவர் வைத்திருந்த அன்பு. ஒன்றை அரசியலென்றும் மற்றதைக் கவிஞரின் விசித்திரமென்றும் பிரித்துவிடுவது வழக்கம். அப்படிப் பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. ஏன் என்பதை இக்கட்டுரையில் இயன்ற அளவு சொல்ல முயல்கிறேன்.

அதற்கு முன் எங்கள் ஊர்ச் செய்தி ஒன்று. பதுளை நகரிலே சென்ற் மார்க்ஸ் தேவாலயம் என்று ஒரு பழைய ஆங்கிலத் தேவாலயம் இருக்கிறது. அது மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டது. இவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊவாவிலே அதிகாரியாக இருந்தவர். மலைகளைக் குடைந்து பாதைகள் அமைத்தவர். இவருடைய மற்றொரு புகழ் இவர் சுட்டு வீழ்த்திய யானைகளின் தொகை. 1,400க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1845ஆம் ஆண்டு அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டார். யானையைக் கொன்றவருக்கு எங்கள் ஊரில் கோயில் இருக்கிறது. யானைக்குப் பழம் கொடுத்து அடிபட்டவருக்கு எங்கள் லயங்களில் ஒரு சுவர்ப்படம் இருக்கிறது. எது நிலைத்த ஞாபகம் என்பதை வாசகரே நினைத்துப் பார்க்கலாம்.

பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆந் தேதி பிறந்தார். ஐந்து வயதிலே தாய் இலக்குமி அம்மாளை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயர் மகனைக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் வல்லவனாக்க விரும்பினார். மகனோ கவிதையை விரும்பினார். பதினொரு வயதளவில் எட்டயபுரத்துப் புலவர் சபையில் பாரதி என்ற பட்டம் கிடைத்தது. 1897இல் செல்லம்மாளை மணந்தார். மறு ஆண்டே தந்தை காலமாக, காசியிலிருந்த அத்தையிடம் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தார். மீண்டு வந்து சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். 1904இல் மதுரைச் சேதுபதி உயர்தரப் பாடசாலையில் சில மாத காலம் தமிழாசிரியராக இருந்தார். எங்கள் ஆசிரியர் தொழிலுக்கு அவரால் கிடைத்த பெருமை அந்தச் சில மாதங்கள்தாம்! அவ்வாண்டின் இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயர் அழைக்க, சென்னை சென்று சுதேசமித்திரனில் உதவி ஆசிரியரானார்.

1906இல் இந்தியா என்னும் வாரப் பத்திரிகை தோன்றியது. அதன் எழுத்தெல்லாம் பாரதியாருடையது. வங்கப் பிரிவினையால் நாடு கொதித்திருந்த காலம் அது. 1908 ஜனவரியில் சுதேச கீதங்கள் நூலாக வந்தது. அதே ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கடுந்தண்டனை பெற்றனர். அடுத்து இந்தியா பத்திரிகைமீது வழக்கு வந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்த சீனிவாசன் என்பவர் கைதாகி ஐந்தாண்டுச் சிறை பெற்றார். நண்பர்கள் வற்புறுத்த, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். தம் எழுத்துக்காக மற்றொருவர் சிறை செல்ல, தாம் எல்லை கடந்து வாழ நேர்ந்தமை அவர் நெஞ்சை எவ்வளவு அறுத்திருக்கும்! இதனைச் சிலர் கோழைத்தனம் என்று கூறுவதுண்டு. எழுதுகிறவன் சிறைக்குள் போனால் எழுத்தும் உடன் போய்விடும் என்பது அவர்கள் சிந்தனைக்கு எட்டவில்லை போலும்.

புதுச்சேரியில் இந்தியா மீண்டும் உயிர்பெற்றது. பிரெஞ்சு மண்ணில் அதை அச்சிடத் தடையில்லை. ஆனால், அதைப் படிக்க வேண்டியவர்களெல்லாம் ஆங்கிலேயர் ஆண்ட தமிழகத்தில் இருந்தார்கள். ஆகவே அரசாங்கம் செய்தது மிக எளிய காரியம். பத்திரிகை எல்லையைத் தாண்டாதபடி தபாலைத் தடுத்தது. வாசகரின் கைக்குச் சேராத பத்திரிகை எத்தனை நாள் வாழும்? 1910 மார்ச்சில் இந்தியா நின்றது. விஜயா என்ற நாளேடும் அதே கதியை அடைந்தது. கடிதங்கள் வழியிலே பிரித்துப் படிக்கப்பட்டன. தெருவின் மூலையிலே ஒற்றர்கள் நின்றார்கள். சின்னச் சங்கரன் கதை என்று அவர் எழுதிவந்த நூலின் கையெழுத்துப் பிரதி ஒருநாள் வீட்டிலிருந்து களவுபோயிற்று என்று அவருடன் பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அச்சேறிய நூலைப் பறிமுதல் செய்வதற்கு ஓர் உத்தரவேனும் வேண்டும். அச்சேறாத நூலைத் திருடிவிட்டால் அதுவும் வேண்டியதில்லை. இன்று அந்நூலின் சில அத்தியாயங்களே நமக்கு எஞ்சியுள்ளன.

1911 ஜூனில் மணியாச்சியிலே கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதும் நெருக்கடி பன்மடங்காயிற்று. அவ்வாண்டிலேயே சென்னை அரசாங்கம் பாரதியாரின் இரண்டு சிறு நூல்களைத் தடைசெய்தது. ஒன்று கனவு, மற்றொன்று ஆறில் ஒரு பங்கு. இவ்விரண்டையும் படித்திருக்கும் ஆசிரிய அன்பர்களைக் கேட்கிறேன்: இவற்றில் அப்படி என்ன வெடிமருந்து இருந்தது? கனவு, தம் இளமையையும், நிறைவேறாத காதலையும், பயனற்ற படிப்பையும், தந்தையின் வறுமையையும் நினைந்து ஒருவர் பாடிய சுயசரிதை. ஆறில் ஒரு பங்கு ஒரு காதற்கதை. நாட்டு மக்களில் ஆறில் ஒரு பங்கினரைத் தீண்டத்தகாதவரென்று ஒதுக்கிவைத்துவிட்டு விடுதலை கேட்பது எவ்விதம் பொருந்தும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. உழுது பயிரிட்டு எல்லோருக்கும் உணவளிக்கும், ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே அந்நூலை அவர் காணிக்கையாக்கியிருந்தார்.

இந்தக் காணிக்கையை வகுப்பிலே விளக்கும்போதெல்லாம் நான் சற்று நிறுத்துவேன். எங்கள் மலைகளில் காடு வெட்டிக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோர் யார்? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்டு, கங்காணியின் பின்னே நடந்து வந்த அந்த ஆறில் ஒரு பங்கினரும் அவர்களை ஒத்தவருமே அல்லரோ? தமிழில் ஒரு பெருங்கவிஞர் முதன்முதலாக இவர்கள் பெயரைச் சொல்லிக் காணிக்கையிட்ட ஒரு சிறு புத்தகம் அவர்கள் கண்ணில் படாமலே தடுக்கப்பட்டது. அன்று அவர்களுக்கு எழுத்தறிவு இருந்ததா என்று கேட்கலாம். படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்து வாசலில் அமர்ந்து உரக்கப் படித்தால் இருபது பேர் கேட்பார்கள். பெரிய எழுத்துக் கதைகள் எங்கள் தோட்டங்களில் அப்படித்தான் பரவின. பாரதியார் சும்மா இருக்கவில்லை. சென்னை இந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதி நியாயம் கேட்டார். நியாயம் கிடைக்கவில்லை.

இனி அந்த வீட்டுக்குள்ளே சென்று பார்ப்போம். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவிலே வாடகை வீடு. வீட்டுக்காரரான செட்டியாருக்கு விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று பாரதியார் செல்லப்பெயர் வைத்திருந்தார். வாடகை வாங்க வருவார். பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேளாமலே எழுந்து போய்விடுவார். பத்திரிகை நின்றுவிட்டது; நூல்கள் விலைப்படா; தபாலில் வரும் பணம் வந்தால் உண்டு. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு செல்லம்மாள் பட்டபாடு சொல்லி மாளாது. ஒருநாள் சமையலுக்கென்று வாங்கி வைத்த அரிசியைப் பாரதியார் முற்றத்தில் வாரி இறைத்தார். சிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கொத்தித் தின்றன. அவை தின்பதைக் கண்டு அவர் ஆனந்தமாகப் பாடினார். உள்ளே அடுப்பில் உலை காய்ந்தது.

இந்நிகழ்ச்சியைச் செல்லம்மாளே பின்னாளில் தம் கணவரின் சரித்திரத்தைச் சொல்லும்போது நினைவுகூர்ந்திருக்கிறார். நாம் அதைக் கேட்டுச் சிரிக்கிறோம், அல்லது நெகிழ்கிறோம். எனக்கோ எப்போதும் செல்லம்மாளின் பக்கமே மனம் சாயும். அந்த அரிசி அவருடைய அரிசி. குழந்தைகளின் பசிக்கு விடைசொல்ல வேண்டியவரும் அவர்தாம். இதை மறைத்துவிட்டுக் கவிஞரை மட்டும் புகழ்வது நேர்மையன்று. ஆனால் மறுபக்கமும் ஒன்றுண்டு. தாம் எழுதிய ஒரு சொல்லும் உரியவரிடம் போய்ச் சேராதபடி நாற்புறமும் அடைக்கப்பட்ட ஒருவர், தாம் கொடுப்பதைத் தடையின்றிப் பெற்றுக்கொள்ளும் ஓர் உயிரைக் கண்டால் எவ்வாறு மகிழ்வார்! குருவிக்கு எல்லையில்லை, தபாற்கந்தோர் இல்லை, உளவுக்காரன் பின்தொடர்வதில்லை. சிட்டுக்குருவியை விடுதலைக்கு உவமையாக்கி அவர் பாடியமை வெறும் அலங்காரம் என்று நான் எண்ணவில்லை. முற்றத்தில் கண்டதையே பாடினார்.

புதுச்சேரி வாழ்வு பத்தாண்டு நீடித்தது. பாஞ்சாலி சபதமும், கண்ணன் பாட்டும், குயிற் பாட்டும் அங்கே பிறந்தன. பாப்பாப் பாட்டும் அக்காலத்ததே. சிறு குழந்தைக்கு உலகை அறிமுகப்படுத்தும் அந்தப் பாட்டிலே அரசரும் வீரரும் வருமுன்னர்க் குருவி வருகிறது. கோழி, காக்கை, பசு, நாய், குதிரை, ஆடு எல்லாம் வருகின்றன. இவற்றோடு சேர்ந்து விளையாடு, இவற்றிடம் இரக்கம் கொள் என்பதே பாலபாடம். சாதி வேற்றுமை பாராட்டாதே என்னும் பாடம் அதன் பிறகு வருகிறது. இந்த வரிசைமுறையை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டுகிறேன். கோழியையும் நாயையும் தோழமையாகக் கொண்ட குழந்தைக்கு மனிதரைத் தோழமையாகக் கொள்வது கடினமாயிராது என்று அவர் கருதியிருக்க வேண்டும். பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களிலே தமிழ்ப் பெண்கள் படும் துயரை நினைந்து அவர் பாடியதும் இந்நெஞ்சத்தினின்றே. அவர் எங்கள் நாட்டுக்கு வந்ததில்லை. ஆனால் அந்தக் கரும்புத் தோட்டப் பாட்டை எங்கள் பிள்ளைகள் படிக்கும்போது, கரும்பு என்று இருக்குமிடத்தில் தேயிலை என்று மனத்துக்குள் மாற்றிக்கொள்ளத் தவறுவதில்லை.

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையைக் கடந்ததுமே கைதாகிக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தார். விடுதலை கிடைத்தது, ஆனால் நிபந்தனைகளுடன். குறித்த இடங்களிலேதான் வசிக்க வேண்டும். எழுதுவதை வெளியிடுமுன் பொலீஸ் மேலதிகாரியிடம் காட்ட வேண்டும். நூலைத் தடுப்பது ஒரு கொடுமை. எழுதுமுன்னரே எழுதுகிறவன் தோளுக்குப் பின்னால் ஓர் அதிகாரியை நிறுத்திவைப்பது அதனினும் கொடுமை. ஏனெனில், அந்த அதிகாரி நாளடைவில் எழுதுகிறவனின் மண்டைக்குள்ளேயே குடியேறிவிடுகிறார்.

மனைவியின் ஊராகிய கடையத்தில் அவர் வாழ்ந்த இரண்டாண்டுகளைப் பற்றி அவ்வூரார் சொன்ன கதைகள் பல. கழுதைக்குட்டியைத் தழுவி முத்தமிட்டாராம். அக்கிரகாரம் முகம் சுளித்ததாம். கழுதையைத் தொடுவதையும், தாழ்த்தப்பட்டவரைத் தொடுவதையும், அவர்கள் வீட்டில் உண்பதையும் அக்கிரகாரம் ஒரே தட்டில் வைத்தே வெறுத்தது. பாரதியார் எல்லோரையும் ஒரே கையால் அணைத்தார். திருவனந்தபுரத்து மிருகக்காட்சிச்சாலையில் சிங்கத்தின் கூண்டருகே சென்று அதனைத் தொட்டுப் பேசினார் என்றும், உடன் சென்றவர்கள் நடுநடுங்கினார்கள் என்றும் குடும்பத்தார் எழுதியிருக்கிறார்கள். அச்சமின்மையைப் பற்றிப் பாடியவர் அதைச் சிங்கத்திடமும் சோதித்துப் பார்த்தார் போலும்! இவ்விடத்தில் நானாயிருந்தால் செல்லம்மாளோடு சேர்ந்து பின்னால்தான் நின்றிருப்பேன்.

கடையத்திலிருந்து அவர் வகுத்த ஒரு திட்டத்தை இன்று நினைத்தாலும் கண் கலங்குகிறது. தம் எழுத்துக்கள் அனைத்தையும் 40 நூல்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் சாதாரணமாக விலைப்படும் என்பது அவர் நம்பிக்கை. நண்பர்களிடம் கடன் உதவி வேண்டிச் சுற்றறிக்கை அனுப்பினார். நாலு லட்சம் புத்தகங்கள்! வந்த உதவி மிகச் சொற்பம். ஒரு நூலும் அத்திட்டப்படி வெளிவரவில்லை. தடையுத்தரவு செய்த வேலையில் பாதியை நம்மவரின் அலட்சியம் செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1920இன் பிற்பகுதியில் கட்டுப்பாடுகள் நீங்கின. மீண்டும் சென்னை, மீண்டும் சுதேசமித்திரன். குடியிருப்பு திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழமும் தேங்காயும் கொடுப்பது அவர் வழக்கமாயிற்று. 1921இல் ஒருநாள், யானை மதங்கொண்டு தனியே சங்கிலியிடப்பட்டிருந்தது. அதனைப் பொருட்படுத்தாது அருகே சென்று கொடுத்தார். யானை துதிக்கையால் தள்ளிவிட்டது. அதன் கால்களுக்கிடையே விழுந்து கிடந்தார். சுற்றி நின்றவர்கள் அலறினார்களேயன்றி எவரும் கிட்டச் செல்லவில்லை. குவளைக் கண்ணன் என்ற அன்பர் ஓடிவந்து, வேலிக்குள் குதித்து அவரை வாரி எடுத்தார். யானை இரண்டாம் முறை தாக்கவில்லை. தம்மை யாரென்று அறியாமல் தள்ளிவிட்டதேயன்றி அதற்குத் தம்மீது பகையில்லை என்று பாரதியார் நண்பர்களிடம் அதற்காக வாதாடினார். தம்மை வருத்திய அரசாங்கத்துக்காக அவர் ஒருபோதும் இப்படி வாதாடியதில்லை!

யானை அடித்து அவர் இறந்தார் என்று இன்னும் பல மாணவர் விடைத்தாளில் எழுதுகிறார்கள். அது சரியன்று. காயம் ஆறி அவர் வேலைக்குத் திரும்பினார். 1921 ஜூலை 31ஆந் தேதி ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வாசகசாலையின் விழாவில், மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருள்பற்றிப் பேசினார். ஊர்ப்புறத்து வாசகசாலை ஒன்றின் மேடையே அவருடைய கடைசி மேடைகளுள் ஒன்றாயிற்று. வயிற்றுக் கடுப்பு வந்து, உடல் ஏற்கெனவே நலிந்திருந்தமையால், செப்டம்பர் 11ஆந் தேதி நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தது. மயானம் வரை சென்றவர்கள் இருபது பேருக்கு மேலில்லை என்று உடன் சென்றவர்கள் குறித்திருக்கிறார்கள்.

கவிஞர் இறந்தார், தடை இறக்கவில்லை. செல்லம்மாள் கடன்பட்டு நூல்களை வெளியிட்டார். பின்னர் உறவினரும் நண்பரும் சேர்ந்து பாரதி பிரசுராலயம் அமைத்தனர். 1928ஆம் ஆண்டு பர்மா அரசாங்கம் பாரதியாரின் பாடல்களைத் தடைசெய்தது. பர்மாவிலும் நம் நாட்டைப்போலவே வயிறு வளர்க்கப் போன தமிழர் ஏராளமாக இருந்தனர். அன்று பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஒரு மாகாணத்துப் பறிமுதல் உத்தரவு மற்ற மாகாணங்களிலும் செல்லும். உடனே சென்னையிலும் பொலீசார் சோதனையிட்டுச் சுதேச கீதங்கள் பிரதிகளை அள்ளிச் சென்றனர். ஆசிரியர் மறைந்து ஏழு ஆண்டாகியும், நூல் வெளிவந்து இருபது ஆண்டாகியும் ஓர் அரசாங்கம் அதற்கு அஞ்சியது.

இச்சமயம் சட்டசபையில் எஸ். சத்தியமூர்த்தி செய்த காரியம் போற்றத்தக்கது. தடையை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்து, தடைசெய்யப்பட்ட அதே பாடல்களைச் சபையில் எடுத்தோதினார். சபையில் ஓதப்பட்டது சபை நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். நடவடிக்கைக் குறிப்பு அரசாங்கத்தின் செலவிலேயே அச்சாக வேண்டும். பறித்த பாட்டைப் பறித்தவர் கையாலேயே பதிப்பிக்கச் செய்தார்! தீர்மானம் அரசாங்கத்துக்கு எதிராக நிறைவேறியது. 1949இல் சென்னை அரசாங்கம் பாரதியார் நூல்களின் உரிமையை விலைக்கு வாங்கியது. பின்னர் அது மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டது. பறிமுதல் செய்த அதே கோட்டையிலிருந்தே இந்த உத்தரவும் வந்தது.

ஈழத்தில் பாரதியார் பரவிய வழிகள் பல. விபுலாநந்த அடிகள் 1931 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோது, புலவர் பலர் பாரதியாரைக் கவிஞரென்றே ஒப்பாதிருந்த அந்நாளில், பாரதி பாடல்களைக் கற்க மாணவரைத் தூண்டினார். மலைநாட்டிலே கோ. நடேசையரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டைக் கருவியாக்கினர். அத்துமீறிப் புகுந்ததாகப் பிறரைத் தண்டிக்கும் சட்டம் தோட்டத்து வாயிலைக் காத்த காலம் அது. நடேசையர் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்தார் என்று சொல்வார்கள். துரை அறியாமல் நுழைந்தது மனிதர் மட்டுமன்று. மடியில் செருகிய பாட்டுப் புத்தகமும் கூடவே நுழைந்தது.

இவ்விடத்தில் என் குடும்பத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வாசகர் அனுமதிக்க வேண்டும். 1964இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென்று முடிவாயிற்று. எழுபதுகளில் பதுளையிலும், தெமோதரையிலும், பண்டாரவளையிலும் புகையிரதம் ஏறியவர்களின் அழுகையைக் கேட்டே நான் வளர்ந்தேன். ஆட்களுக்குக் கடவுச்சீட்டு உண்டு, நாய்க்கு இல்லை. பசுவையும் ஆட்டையும் வந்த விலைக்கு விற்கலாம். நாயை யார் வாங்குவார்? எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருந்த பெரியவர் புறப்பட்ட அன்று தம் நாயை எங்கள் வீட்டுத் தூணில் கட்டிவிட்டு, அட்டை கிழிந்த பாரதியார் கவிதைப் புத்தகம் ஒன்றை என் தந்தையார் கையில் வைத்தார். இரண்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு தண்டவாளத்தோடே ஓடிவிட்டு, மூன்றாம் நாள் கால் தேய்ந்து திரும்பி வந்தது. பெயர் மணி. அதன்பின் ஆறேழு ஆண்டு எங்களோடு இருந்தது. புகையிரதச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நிற்கும்.

புத்தகத்துக்கும் சோதனை வந்தது. எழுபதுகளிலே தமிழகத்து நூல்களும் சஞ்சிகைகளும் நாட்டுக்குள் வருவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. அதனால் ஈழத்துப் பதிப்புத்துறை வளர்ந்தது என்ற நன்மையையும் மறுக்கலாகாது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்திலே யாழ்ப்பாண நூலகம் 97,000 அளவான நூல்களோடு எரிந்தது. 1983 ஜூலை 27ஆந் தேதி பதுளை நகரமும் எரிந்தது. அந்நாட்களில் எங்கள் லயத்துப் புத்தகங்களை எவரும் தடைசெய்யவில்லை. எந்த உத்தரவும் வரவில்லை. ஆனாலும் தமிழ் எழுத்து அச்சிட்ட எதுவும் சோதனையிலே என்ன பொருள் தருமோ என்று எவருக்கும் தெரியவில்லை. தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் அட்டைப்படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள் என்று பேசிக்கொண்டார்கள். முண்டாசும் முறுக்கு மீசையும் கொண்ட ஒரு முகம் யாருடைய முகமென்று விளக்கிச் சொல்ல அவகாசம் கிடைக்குமா? அயல் வீடுகளில் புத்தகங்கள் அடுப்புக்குப் போயின. என் தந்தையார் பாரதியாரை மட்டும் உரப்பையில் சுற்றித் தேயிலை மலையில் புதைத்தார். தோண்டி எடுத்தபோது ஓரங்கள் செல்லரித்திருந்தன. நடுப்பக்கங்கள் பிழைத்தன.

இவை பழங்கதை என்று ஆறுதல் கொள்ளவும் இயலவில்லை. 2020 மே மாதத்தில் அஹ்னாப் ஜஸீம் என்னும் இளங்கவிஞர் நவரசம் என்ற தம் தமிழ்க் கவிதைத் தொகுதியின் காரணமாகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்து, 2021 டிசெம்பரில் பிணையில் வெளிவந்தார். 2023 டிசெம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. அவரும் ஆசிரியரே. கவிதையைக் கவிதையாகப் படிக்கத் தெரிந்த ஒருவரை முதலிலேயே கேட்டிருந்தால் அந்த மாதங்கள் வீணாகியிரா.

பாரதியார் எழுத்தனைத்தையும் காலவரிசைப்படுத்திச் சீனி விசுவநாதன் என்னும் அறிஞர் வாழ்நாள் உழைப்பாகத் தொகுத்தார். அது 23 தொகுதிகளாக 2024 டிசெம்பர் 11ஆந் தேதி வெளியிடப்பட்டது. கவிஞர் கடையத்தில் கண்ட கனவு 40 நூல்கள். களவுபோன கையெழுத்துப் பிரதி அகப்பட்டிருந்தால் இன்னும் சில பக்கங்கள் கூடியிருக்கும். நான் கடைசியாகக் கற்பித்த தோட்டப் பாடசாலையின் அலுமாரியில் இருப்பது கவிதைத் தொகுதி ஒன்றே. அதையும் முறைவைத்துத்தான் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். சென்ற தவணையில் அதன் ஒரு மூலையைக் கன்றுக்குட்டி மென்றுவிட்டதாகச் சொல்லி ஒரு சிறுமி அழுதுகொண்டு வந்தாள். போனது பாப்பாப் பாட்டு இருந்த பக்கம். அவளுக்கு அது மனப்பாடம். உட்கார வைத்து எழுதச் சொல்லி, அந்தத் தாளையே அவ்விடத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.